தலைவரின் பெயரில் ஒரு தேனீ

பொலிவியாவில் பிடிபட்ட ஆறு மில்லிமீற்றர் நீளமான ஒரு தேனீக்கு எங்கள் ஒஸ்லோத் தமிழ்ச் சங்கத் தலைவர் சிறீஸ்கந்தராசாவின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. உலகம் உள்ளவரைக்கும் அதற்கு அதுதான் பெயர். வைத்தவர் உதயகுமாரி, அதாவது நான், என்று பதிவாகியிருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். தெரியாதவர்கள், நான் அந்த மனுசனுக்குப் பந்தம் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலை ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில், பூச்சிப் பிரிவில். ஊசியில் குத்திய பூச்சியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, காலில் மயிர் எப்படி, இறகில் நரம்பு எப்படி என்று பார்த்து எழுதுவது. இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தியே நான் களைத்துப்போனேன். "டொக்டர் எண்டு சொல்லுறியள், ஊசி போடமாட்டியளோ?" என்று கேட்பார்கள். போடுவேன், பூச்சிக்கு.

அந்தத் தேனீயை அனுப்பியவள் ஜூலியா. பொலிவியாவில் ஒரு சிறுநகரத்தில் உயிரியல் ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் மூன்று கோடைகாலம் குந்தியிருந்து அதைப் பிடித்தவள். பிடிக்க ஏன் அவ்வளவு பாடு என்றால், அது சாதாரணத் தேனீ இல்லை. அதன் காலில் மகரந்தம் ஒட்டுகிற மயிரே கிடையாது, ஏனென்றால் அது பூவில் வேலை செய்வதே இல்லை. இன்னொரு தேனீ பாடுபட்டுக் கூடு கட்டி, உணவு சேர்த்து வைக்கும். இது வாசலில் ஒளித்து நிற்கும். வீட்டுக்காரி வெளியே போனதும் உள்ளே புகுந்து தன் முட்டையை இட்டுவிட்டு வந்துவிடும். அதிலிருந்து வரும் புழு வீட்டுக்காரியின் பிள்ளையைக் கொன்றுவிட்டு, இருப்பதையெல்லாம் தின்று கொழுக்கும். ஜூலியா அதற்கு வைத்த பட்டப்பெயர் 'கள்ளி'.

ஜூலியா பல வருடமாக ஐரோப்பாவுக்குப் பூச்சிப் பெட்டிகள் அனுப்பி வந்தவள். அவள் பிடித்த பூச்சிகளுக்குப் பேராசிரியர்களின் பெயரும், பேராசிரியர்களின் மனைவிமார் பெயரும், ஒருமுறை ஒருவருடைய நாயின் பெயரும் வைக்கப்பட்டன. அவள் பெயரை யாரும் வைக்கவில்லை. இந்த முறை அவள் பெயர்தான் என்று நான் சத்தியமே பண்ணியிருந்தேன். "ஆனால் இது கள்ளியாயிற்றே, பரவாயில்லையா?" என்று கேட்டு எழுதினேன். "அவளுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தவள் நான். அவள் என்னுடையவள்" என்று பதில் போட்டாள். 'ஜூலியே' என்று லத்தீனில் பெயர் வைத்துக் கட்டுரை எழுதினேன். ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. 2006 கோடையில் வரவேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. முதலில் அச்சில் வருகிற பெயர்தான் பெயர். உருவ விளக்கத்தோடும், மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்ற தகவலோடும் ஒரு பெயர் அச்சேறிவிட்டால், பிறகு வைத்தவரே குழறி அழுதாலும் மாற்ற முடியாது.

இனித் தலைவருக்கு வருவோம். சங்கத்தின் தலைவரும் அவர், பொங்கல் மலரின் ஆசிரியரும் அவர், மேடையில் தலைவருக்கும் மலராசிரியருக்கும் நன்றி சொல்லுகிறவரும் அவர். அந்த வருடம் மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார். தேனீக்கள் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது அவருக்குக் காணாது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒஸ்லோப் புறநகர் அம்மருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, "பிள்ளை இங்கிலீசிலை பெரிசா ஒண்டு எழுதினதாம், அதையும் போட்டால் பெரிய ஆக்கள் பாப்பினம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என் அம்மா ராசமலருக்கு யாரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது. வடையோடு சேர்த்து என் மேசையில் கிடந்த, அந்தக் கட்டுரை இருந்த சீடியையும் கொடுத்துவிட்டா. "நாளைக்கு உனக்கொரு நல்லது கெட்டது எண்டால் சங்கத்து ஆக்கள்தானே பிள்ளை வரவேணும்" என்பது அவவின் நியாயம்.

பொங்கல் விழாவில் மலர் வெளியீடு. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கதிரையில் போய் இருந்து மலரை விரித்தேன். என் ஆங்கிலக் கட்டுரை, என் படத்தோடு. என் படத்துக்கு மேலே, இரண்டு மடங்கு பெரிதாக, தலைவரின் படம். தலைப்பைப் பார்த்தேன். 'ஜூலியே' இல்லை. 'சிறீஸ்கந்தராசாயி' என்று இருந்தது. பூச்சியைவிடப் பெயர் நீளம். உள்ளே ஜூலியாவின் பெயர் இருந்த இடமெல்லாம் அதே கதைதான். "அன்னாரின் அயராத சமூகப்பணியைப் பாராட்டி இப்பெயரைச் சூட்டுகிறேன்" என்று நான் சொன்னதாக ஒரு வசனம் வேறு.

மேடைக்குப் பின்னால் ஆளைப் பிடித்தேன்.

"அங்கிள், இதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் பிள்ளை, நல்லாத்தானே வந்திருக்கு. கலர்ப் படமெல்லோ போட்டனான்."

"பேரை ஆர் மாத்தினது?"

"ஓ, அதோ? ஆர் பிள்ளை அந்த ஜூலியா? எங்கட சனத்துக்கு அவவைத் தெரியுமோ? எங்கட பிள்ளை கண்டுபிடிச்ச பூச்சியிலை எங்கட பேரெல்லோ இருக்கவேணும். முதல்லை சங்கத்தின்ரை பேரைத்தான் யோசிச்சனான். அது நீட்டாப் போச்சு. கடைசியிலை என்ரை பேரைப் போடவேண்டியதாப் போச்சு."

போடவேண்டியதாப் போச்சாம். மனுசன் முகத்தில் ஒரு தியாகக் களை வேறு.

"கடைசிப் பக்கம் எங்கை அங்கிள்?"

"அதுக்குள்ளை ஒரு சீலைக்கடை விளம்பரம் வந்திட்டுது. பூச்சி எங்கை போகுது, எங்கை வருகுது எண்டுதானே கிடந்தது. ஆர் வாசிக்கப் போகினம்?"

அந்தத் தேனீ எப்படிப் பிழைக்கிறது என்று எழுதியிருந்த பக்கம் அதுதான். அவரும் வாசிக்கவில்லை என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள் மலரைக் கொண்டுபோய் என் மேலதிகாரி ஆர்வித்தின் மேசையில் போட்டேன். ஆர்வித் நல்லவர், சிரிப்புக்காரர், விதி என்று வந்தால் மட்டும் சிரிக்கமாட்டார்.

"எத்தனை பிரதி?"

"ஐந்நூறு."

"யாரும் வாங்கலாமா?"

"குறொன்லாண்ட் கடைத்தெருவில், எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்."

"தேசிய நூலகத்துக்குப் போயிருக்கிறதா?"

போயிருந்தது. தலைவர் வருடாவருடம் கையால் கொண்டுபோய்க் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்வார். எனக்கு ஒரேயொரு நம்பிக்கைதான் மிஞ்சியிருந்தது. அறிவியலின் நிரந்தரப் பதிவுக்காக வெளியிட்டது என்றால்தான் அது விதிப்படி வெளியீடு. பொங்கல் மலரில் எங்கே அறிவியல்? அதைச் சொல்ல நான் வாயெடுக்க, ஆர்வித் முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். தலைவரின் ஆசிரியவுரை, தமிழிலும் ஆங்கிலத்திலும். "இம்மலர் எதிர்காலச் சந்ததிக்கான நிரந்தர அறிவியல் ஆவணமாகும்."

"இதை எங்கள் விதிநூலைப் பார்த்து எழுதினாரா?" என்று கேட்டார் ஆர்வித்.

"இல்லை. அவர் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் எழுதுவார்."

"அப்படியென்றால் செல்லும்" என்றார். நான் எழும்பும்போது, அந்தப் பாராட்டு வசனத்தைத் தொட்டுக்காட்டி, "உனக்கு அவரில் நல்ல மதிப்புப் போல" என்றும் சொன்னார்.

ஜூலியாவுக்கு எழுதவே வெட்கமாக இருந்தது. எழுதாமலும் இருக்க முடியாது. உடனேயே பதில் போட்டாள். அவளுடைய மாணவர்கள் வகுப்புச் சுவரில் அந்தத் தேனீயைப் பெரிதாக வரைந்து, கீழே 'ஜூலியே' என்று எழுதியிருந்தார்களாம். தானே சுண்ணாம்பு பூசி அந்தப் பெயரை அழித்துவிட்டாளாம். "பரவாயில்லை. அவர் உங்கள் மக்களிடையே பெரிய மனிதராக இருக்க வேண்டும். அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள், பிள்ளைகள் கேட்கிறார்கள்." வாசித்துவிட்டு அழுதேன். என்னத்தை எழுதுவது? பதில் போடாமலே விட்டுவிட்டேன்.

தலைவரோ ஆகாயத்தில் நின்றார். தேனீயின் படத்தைச் சட்டம் போட்டு வீட்டு வாசலில் மாட்டினார். கலியாண வீட்டிலும் செத்தவீட்டு அந்தியேட்டியிலும், "தென்னமெரிக்கக் காட்டிலை என்ரை பேர் பறக்குது" என்று கதைத்தார். அவரைக் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போகப் பழகிக்கொண்டேன்.

கோடை வந்தது. ஆய்விதழும் வந்தது. அச்சேறிவிட்ட பெயரைத்தான் அதிலும் போடவேண்டியிருந்தது. ஆனால் கடைசிப் பக்கம் முழுதாக வந்தது. அதைப் பார்த்த ஓர் உள்ளூர் நொர்வேஜியப் பத்திரிகை என்னிடம் தேனீயைப் பற்றிக் கேட்டது. இருந்ததைச் சொன்னேன். பிறகு தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, "உங்களுக்கும் இந்தத் தேனீக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். மனுசன் யோசிக்கவே இல்லை.

பத்திரிகையில் அரைப் பக்கப் படம். சால்வையோடு தலைவர். "நானும் இந்தத் தேனீயும் ஒன்றுதான்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே, இந்தத் தேனீ வேலை செய்வதில்லை, ஆளில்லாத வீடு பார்த்து உள்ளே புகும், அடுத்தவர் பிள்ளையின் சாப்பாட்டில் வளரும் என்று முழு விபரம்.

அந்தக் கிழமையே ஒரு பெட்டி மாம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி வைக்கப் போனா.

"சனம் சிரிக்குது பிள்ளை. குறொன்லாண்டிலை கண்டால், 'என்ன தலைவர், இண்டைக்கு ஆர் வீட்டுக்குப் போறியள்?' எண்டு கேக்கிறாங்கள்."

"கேப்பினம்தானே."

"பேரை மாத்திவிடும் பிள்ளை."

"ஏலாது அங்கிள்."

"நீர்தானே வைச்சது?"

"அப்பிடித்தான் நீங்கள் அச்சடிச்சிருக்கிறியள்."

மாம்பழப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு முகம் வெளித்தது. "அப்ப அந்த ஜூலியாவின்ரை பேரையே போட்டுவிடுமன். பாவம், அவவுக்கும் சந்தோசமா இருக்கும்."

நல்ல பெயர் என்று நினைத்தபோது பறித்தார். கள்ளியின் பெயர் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுக்கிறார், அதுவும் பாவம் பார்த்து. பேசிவிடுவேன் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏலாது அங்கிள். நிரந்தர அறிவியல் ஆவணம் எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள். தேசிய நூலகத்திலை பத்திரமா இருக்கு."

அம்மா அவர் கொண்டுவந்த மாம்பழத்தையே வெட்டி அவருக்கு வைத்தா. சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் கணினிக்கு முன்னால் இருந்து ஜூலியாவுக்கு எழுதினேன்.

"அன்புள்ள ஜூலியா, அவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் பாடுபடுகிறவர்கள் வெளியே போகும்வரை பார்த்திருந்து, வீட்டுக்குள் வந்து, தன் பெயரை இட்டுவிட்டுப் போகிறவர். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தேனீக்குப் பொருத்தமான பெயர்தான் விழுந்திருக்கிறது. உங்கள் பெயரையும் அந்தச் சுவரில் திரும்ப எழுதச் சொல்லுங்கள். கள்ளியைப் பிடித்தவர் என்று எழுதச் சொல்லுங்கள்."