அத்தையின் குரலில் ஒரு கடிதம்

அத்தை செத்துப்போனதை விட, அத்தை மாதிரி எழுத எனக்கு இவ்வளவு நன்றாக வருவதுதான் பயமாயிருக்கிறது. 'என்னைப் பெத்த ராசா' என்று தொடங்கினால் போதும், மீதி தானாக ஓடும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவராலும்.

சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே இப்படி நினைத்தாள் அவள். எதிரில் நாத்தனார் கத்தரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மேஜையில் வெட்டுத் துணிகளுக்கு நடுவே, போர்முனையிலிருந்து கணவன் எழுதி, காலையில் வந்த கடிதம். மாமியார் பேருக்கு வந்தது. மாமியாரை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இன்னும் என்னடி யோசனை? எழுத்து எப்பவும் உன்னோடதுதானே. அம்மா சொல்லுவா, நீ எழுதுவ. இப்ப சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா அண்ணி?"

"திட்டு வேணும்னா நான் சொல்லித் தர்றேன். பொறந்ததிலேர்ந்து வாங்கியிருக்கேன், மனப்பாடம்."

இருவருக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

மாமியார் சொல்லச் சொல்ல எழுதி, முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டுவது அவள் வேலை. வீடே உட்கார்ந்து கேட்கும். கடைசியில் அவளுக்கென்று 'நானும் நலம்' என்று ஒரு வரி. நாலு பேர் காதுபட வேறென்ன எழுத முடியும்? தனியாக எழுதினால், எங்களுக்குத் தெரியாமல் அப்படியென்ன ரகசியம் என்பார்கள். ஒரு நாள், மாமியார் சொல்லாத ஒன்றை மாமியார் சொன்னதாகவே எழுதினாள். 'உன் நீலச் சட்டையைத் துவைக்காமலே வச்சிருக்கேன். அப்பப்ப எடுத்து மோந்து பாக்கிறேன்.' படித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிப் போனாள்.

பதில் கடிதத்தை நாத்தனார்தான் படித்தாள். 'அம்மா, அந்தச் சட்டையைத் துவைச்சுடாதே. பதுங்குகுழியில அதை நெனச்சுக்கிட்டேதான் தூங்குறேன். அவளையும் கேட்டதாகச் சொல்.'

"எந்தச் சட்டை? அழுக்குத் துணி என் வீட்ல ஒரு நாள் தங்குமா? குண்டுச் சத்தத்துல பிள்ளைக்குப் புத்தி கலங்கிப்போச்சு" என்றாள் மாமியார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் ஆசைக்கு வந்த பதில்தான் அது. ஆனால் அவளுக்கு வரவில்லை. அப்படியும் இடையில் சேர்த்து எழுதுவதை அவள் நிறுத்தவில்லை.

நாத்தனார் இன்றைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். "'பக்கத்துல படுத்திருந்தவன் போயிட்டான் அம்மா. கை நடுங்குது. உன் கடுதாசியை நெஞ்சுல வச்சாத்தான் நிக்குது.' கேட்டியா? அம்மா இல்லேங்கிற சேதி போனா அவன் என்ன ஆவான்? அந்தக் கையாலதான் துப்பாக்கி பிடிக்கணும். ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். உசிரோட வந்து சேரட்டும், நானே சொல்லிக்கிறேன்."

நாத்தனார் கடிதத்தை மடித்து வைத்தாள். அம்மாவைப் பறிகொடுத்தவள் தம்பியையும் பறிகொடுக்கப் பயப்படுகிறாள். அதில் பொய்யில்லை. பொய்யில்லாததால்தான் தட்டவும் முடியவில்லை.

எழுதினால் அவர் தூங்குவார். ஒவ்வொரு கடிதத்திலும் அத்தை இன்னும் கொஞ்சம் பிழைத்திருப்பாள். பிறகு வாசலில் வந்து நிற்பவரிடம், அத்தனை கடிதங்களிலும் பிழைத்திருந்த அத்தை எப்போதோ செத்துப்போனாள் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அதற்குள் அவர் நெஞ்சில் வைத்துக்கொள்ள அம்மா இருப்பாள், பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பதே அவருக்கு மறந்திருக்கும். மறுப்பது அவருக்காகவா, எனக்காகவா? பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை.

"ரெண்டே வரி போதும்டி. அம்மா நல்லா இருக்கேன்னு." நாத்தனார் பேனாவைத் திறந்து நீட்டினாள்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"என்னால முடியாது அண்ணி."

"அவன் உடைஞ்சு போவான்."

"போவார். கூட நான் இருக்கேன்னு தெரிஞ்சு உடையட்டும். அத்தை போனதை என் பேர்லயே எழுதறேன். இந்தத் தடவை படிச்சுக் காட்ட மாட்டேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் பேனாவை வாங்கவில்லை.