படகுகள் நிற்க வேண்டாம்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். கோபத்தில் வரிசை கலைந்தால் யாருக்காவது அநியாயம் செய்துவிடுவேன்.

பொன்னேரியில் மாலை வகுப்பு முடிந்து வந்தபோது எங்கள் வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே என் அப்பா, நைனாவின் கட்டிலைச் சுற்றிக் கிராமத்தார். ஊர்த் தலைவர் சிங்காரம், சொந்தமில்லாவிட்டாலும் எனக்குப் பெரியப்பா, அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சென்னைக்கு இட்டுனு பூடலாம் இருசம்மா. மூக்குல டியூப்பு, ஒரு மிசினு வச்சா சின்னதம்பி இன்னும் கொஞ்ச நாள் தாங்குவான். ஊரு இன்னா செஞ்சுதுனு நாளைக்கு ஒருத்தன் கேக்கக்கூடாது பாரு."

நைனாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். இனி குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதன்பின் வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுப்பவர் சத்யா சிஸ்டர். வந்த அன்றே, எங்களை விட்டுவிட்டு நைனாவைத்தான் கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு இன்னா வேணும்?" டியூப் வேண்டாம், மிசின் வேண்டாம், வலியில்லாமல் வீட்டிலேயே இருந்தால் போதும் என்றார் நைனா. டாக்டரும் வந்தார். டியூப் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கிவிட்டு மறுபடி கேட்டார். அதே பதில்.

இது கிராமத்தாருக்கும் தெரியும். பின் எதற்கு வேன்?

ஏரியில் மீன்பிடித்துப் பிழைக்கும் எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் ஏரியில் இறங்காது. புயல் எச்சரிக்கையால் கரையிலேயே கிடந்த படகுகள் இப்போதுதான் இறங்குகின்றன. முகத்துவாரம் திறந்து கடலிலிருந்து ஏரிக்குள் இறால் ஏறும் நாட்கள் இவை. இவை கழியும்வரை நைனா சாகக்கூடாது. அவ்வளவுதான்.

"இறாலுக்காக எங்க நைனாவ டியூப்புல மாட்டப் போறீங்களா, பெரியப்பா?"

"இன்னாமே பேச்சு இது? நல்லதுக்கு வந்தவன இப்டி பேசுற. ரெண்டு எழுத்து படிச்சிட்டா வாய் இத்தினி நீளமா?"

"அவர கேட்டீங்களா? இதோ, உசுரோடதான படுத்துக்கினு கீறாரு?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் சத்யா சிஸ்டருக்குப் போன் செய்தேன். ஸ்கூட்டரில் வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே வேனைப் பார்த்துவிட்டார்.

"அவரு தெளிவா இருக்காரு. வேணாம்னு சொல்ற உரிமை அவருது. உங்க எதிர்லயே இன்னொரு தபா கேக்கறேன்."

தலையணையை உயர்த்தி, உதட்டை நனைத்து, கேட்டார். நைனா மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "வேணாம்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் நைனா கையைத் தூக்கினார்.

"சிங்காரண்ணே… நான் பூட்டா படகு நிக்க வேணாம். புள்ளைங்க இத்தினி நாள் பட்னி. தொழில முடிச்சினு வந்து என்ன தூக்குங்க."

"நைனா, அத்த நீ சொல்லாத!" என்று கத்திவிட்டேன். பெரியப்பாவின் அம்மா இறந்தபோது அடக்கம் முடிந்து மறுநாளும் தொழிலுக்குப் போகாமல் அவரோடு உட்கார்ந்திருந்தவர் நைனா. இவர்களுக்கு எதற்கு இந்தச் சலுகை?

சத்யா சிஸ்டர் என்னைத் தனியே அழைத்துப்போனார். "டியூப் வேணாம்னது மட்டும்தான் அவரு முடிவா, ஐஸு? இது இல்லியா?"

நான் உள்ளே போய் நைனாவின் போர்வையைச் சரிசெய்தேன். அதே கேள்வியை இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேன் காலியாகத் திரும்பியது.

அந்த வாரமே ஒரு விடியலில் நைனா போய்விட்டார். அம்மாவின் மடியில் தலை. முகத்தில் வலி இல்லை.

கரைக்குச் சொல்ல நான்தான் போனேன். என்னைக் கண்டதும் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பெரியப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார்.

"டேய், படக கரையேத்துங்கடா. சின்னதம்பிக்கு இந்த மரியாத கூட செய்யலனா நாம இன்னா மன்ஷன்?"

அந்தக் கண்ணீர் பொய் என்று நான் எழுத மாட்டேன். நிஜமாகவே இருக்கலாம். எனக்கு எரிந்தது வேறு.

"மரியாதையா? டியூப் வேணாம்னாரு, வேன் கொண்ணாந்தீங்க. படகு போவட்டும்னாரு, நிறுத்துறீங்க. உசுரோட இருந்தப்பவும் கேக்கல, செத்தும் கேக்க மாட்டீங்களா? இறக்குங்க!"

யாரும் அசையவில்லை. முதல் படகில் கைவைத்து நானே தள்ளினேன். அது நகரவில்லை. பிறகு என் பக்கத்தில் பெரியப்பாவின் கைகள் வந்தன. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எல்லாப் படகும் போகும்வரை கரையில் நின்றேன். ஒன்றாவது நிற்காதா என்றுதான் மனம் கேட்டது. நின்றிருந்தால் அதையும் தள்ளியிருப்பேன்.