நூற்று முப்பத்தோர் இரவுகள்

டேரில் மாக்கிக்கு அந்தச் சனிக்கிழமை வேலையில்லை. டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் வரிப் படிவம் இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று காகித ஆலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். காகிதங்களை ஒரு பையில் திணித்துக்கொண்டு காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டான். அவனைக் கூப்பிட்டது ஆர்டிஸ் என்ற பெண்மணி. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது சம்பளமில்லாமல் படிவம் போட்டுக் கொடுப்பவள். கடைசி இருக்கை வரை எட்டும் குரல் இன்னும் போகவில்லை.

"என்னப்பா, பைய உதறினா மீன் விழும்போல இருக்கே. கொட்டு இங்க."

சம்பளச் சான்றின் பத்தாம் கட்டத்தில் ஐயாயிரம் டாலர் என்றிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவுக்கென்று, வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து ஒதுக்கிய பணம். அதற்குத் தனிப் படிவம் உண்டு. பிள்ளையின் பெயர், பார்த்துக்கொண்டவரின் பெயர், அவருடைய எண், கொடுத்த தொகை எல்லாம் எழுத வேண்டும். டேரில் எதையும் விடவில்லை. மகள் டில்டாவுக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தெரு லொரெட்டாவிடம் ரசீதுகூட வாங்கி வைத்திருந்தான்.

"வீட்டுக்காரி?"

"பேரு ஜில். பிரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு."

கணினியில் தட்டிக்கொண்டிருந்த ஆர்டிஸின் விரல்கள் நின்றன. "அப்போ ஒண்ணு கேக்கணும். போன வருஷம் பொண்ணு யார் வீட்டுல அதிக ராத்திரி தூங்கினா?"

"பாதிப் பாதி."

"முந்நூத்தி அறுபத்தஞ்சுல ஏதுப்பா பாதி? எண்ணிப் பாரு. அவ அம்மா வீட்டுலதான் அதிகம்னா உனக்கு இந்தச் சலுகை கிடையாது. காசு யாரு குடுத்திருந்தாலும் சரி."

போன வருட நாள்காட்டி ஒன்றையும் பென்சிலையும் அவன் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தவரைக் கவனிக்கப் போனாள்.

டில்டா தன்னிடம் தூங்கிய இரவுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தான். ஆகஸ்ட் வரை சிரமமில்லை. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. நூற்றுப் பதினாறு. ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குப் பிறகு பென்சில் தடுமாறியது. ஜில்லுக்கு மினியாப்பொலிசில் வேலை கிடைத்து, டில்டாவும் கூடவே போய்விட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளியும் சனியும் என்று பேச்சு. அதில் ஒன்று பனியில் போயிற்று, ஒன்று அவளுடைய நீச்சல் போட்டியில் போயிற்று. நவம்பர் கடைசியில் நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு வந்து மூன்று இரவு தங்கினாள். மொத்தம் நூற்று முப்பத்திரண்டு.

இன்னொரு தரம் எண்ணினான். அதற்கு மேல் கூடவில்லை. அக்டோபர் பதினேழில் விரல் நின்றது. அன்று டில்டாவுக்குக் காய்ச்சல். அம்மா வேண்டும் என்று அழுது அழுது வாந்தி எடுத்தாள். பத்து மணிக்குப் போர்வையோடு தூக்கி வண்டியில் போட்டு, ஜில் வீட்டில் விட்டுவிட்டு வந்தான். அந்தக் கட்டத்திலிருந்த புள்ளியை அழித்தான்.

ஆர்டிஸ் திரும்பி வந்தாள். "எவ்ளோ?"

"நூத்தி முப்பத்தொண்ணு."

ஆகஸ்டுக்குப் பிறகு காலியாகக் கிடந்த கட்டங்களை அவள் பார்த்தாள். "நீ பாதிக்கு மேல, நூத்தி எண்பத்திமூணுன்னு சொல்லியிருந்தா அதைத்தான் நானும் தட்டியிருப்பேன். உன் வீட்டு ஜன்னல்ல நின்னா பாத்தேன்?"

"நான் அங்கதானே இருந்தேன்."

ஐயாயிரமும் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் வந்தது. திரும்பக் கைக்கு வர வேண்டிய வரிப்பணம் கரைந்து, நானூறு டாலர் கட்ட வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டான்.

"இந்த வருஷம் அந்தப் பிடித்தத்த நிறுத்திட்டேல்ல?"

டேரில் பையை மடித்தான். "நவம்பர்லயே இந்த வருஷத்துக்கும் எழுதிக் குடுத்துட்டேன்."

"பொண்ணுதான் ஆகஸ்ட்லயே போயாச்சே!"

"அந்த வேலை பிடிக்கலன்னு ஜில் சொல்லிட்டே இருந்தா. திரும்பி வந்துடுவாங்கன்னு…"

ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "திங்கக்கிழமை ஆலை ஆபீஸ்ல போய் நிறுத்தச் சொல்லிக் கேளு. மாட்டேன்னா மாட்டேன்னுட்டுப் போறாங்க."

திங்கட்கிழமை கேட்டான். மகள் வீடு மாறிய ஒரு மாதத்துக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். வருடம் முழுக்கப் பிடிப்பார்கள். செலவுக்கணக்கு காட்ட முடியாவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

புதன்கிழமை டில்டா போனில் கூப்பிட்டாள். "அப்பா, இந்த வெள்ளிக்கிழமை வரல. ஹேசலுக்குப் பிறந்தநாள். எல்லாரும் அவ வீட்டுல தூங்கப் போறோம்."

"சரிடா கண்ணு."

"உள்ள புகுந்து தூங்குற என் பச்சைப் பை உங்க வீட்டுல கெடக்கு."

"கொண்டுவந்து தர்றேன்."

வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து நேரே கிளம்பினான். இரண்டரை மணி நேர வழி. அழைப்பு மணியை அடித்ததும் டில்டாதான் ஓடிவந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது அவனுக்குத் தெரியாது. "எப்ப விழுந்துச்சு?" என்று கேட்பதற்குள் பையை வாங்கி முகர்ந்து பார்த்து, "லொரெட்டா வீட்டு வாசன!" என்று சிரித்து, அவன் இடுப்பை ஒருதரம் இறுக்கிக் கட்டிப்பிடித்துவிட்டு, காலணி தேட உள்ளே ஓடிவிட்டாள்.

ஜில் கதவருகே நின்றாள். "இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தே? கடையில ஒண்ணு வாங்கியிருப்பேனே, டேரில்."

"சும்மாதான் இருந்தேன்."

"உள்ள வா, காபி போடறேன்."

"வேணாம். பனி வருதாம்."

வண்டியில் ஏறி வடக்கே திருப்பினான். பாதி வழியில் பனி நிஜமாகவே கொட்டத் தொடங்கியது.