மலைக்குப் போகும் மக்ரோனி

வேகவைத்த மக்ரோனியை மறுபடி ஏன் காயப்போட வேண்டும் என்று ஷீலாவுக்கு முதலில் விளங்கவில்லை. மெஹபூப் பாஷாதான் போனில் விளக்கினான். ஒருமுறை வெந்து காய்ந்ததை மலைமேல் மறுபடி வேகவைக்க வேண்டியதில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் தானே மலர்ந்துவிடும். கேஸும் மிச்சம், முதுகுச் சுமையும் குறைவு. "அண்ணன் இப்படித்தான் பண்ணுவாரு அண்ணி. அந்த டேஸ்ட்டு எங்களுக்கு வரவே மாட்டேங்குது," என்றான்.

அண்ணன் என்று அவன் சொன்னது ஷீலாவின் கணவர் வேதநாயகத்தை. வங்கி வேலையில் லீவு கிடைத்தபோதெல்லாம் இமாச்சலப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலையேறப் போனவர். தேனாம்பேட்டையில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாஷா அப்போது அவரோடு தொற்றிக்கொண்டவன். இப்போது அந்தக் குழுவை அவன்தான் நடத்துகிறான். ஷீலா ஒரு மலையும் பார்த்ததில்லை. மகளுக்குப் பரீட்சை, அவள் வேலை பார்த்த பள்ளிக்கூட ஆபீசில் அட்மிஷன் நேரம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. ரிடையர் ஆனதும் இரண்டு பேருமாகப் போகலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

ரிடையர் ஆவதற்கு முன்பே அவருக்கு மறதி நோய் வந்துவிட்டது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். ஒருமுறை அடையாறு பாலத்தில் கண்டுபிடித்தார்கள். இன்னொருமுறை போலீஸ்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டார், காலில் செருப்பில்லை. அதற்குப் பிறகுதான் மந்தைவெளி வீட்டின் இரண்டாம் மாடி வாசலில், கிரில் கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டு வந்தது. சாவி ஷீலாவின் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்ந்து தொங்கும். வேலையை அவள் விட்டுவிட்டாள். காய்கறி கேட் வரைக்கும் வரும், பால் கேட் வரைக்கும் வரும். புனேயில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அழுவாள். ஷீலா அவளைத் தேற்றுவாள்.

அடுத்த மலையேற்றத்துக்கு மக்ரோனிப் பாக்கெட் தயார் பண்ணித் தர முடியுமா என்று பாஷா கேட்டபோது அவள் உடனே ஒத்துக்கொண்டதற்குக் காரணம், வீட்டுக்குள் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை என்பதுதான். மக்ரோனியைப் பதமாக வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஈரம் உலரவிட்டாள். பிறகு பால்கனி வெயில். கடல்காற்று பட்டால் நமுத்துப்போகும் என்பதால் மாலையில் உள்ளே அள்ளிக்கொண்டு வர வேண்டும். சீஸ் பவுடர், பால் பவுடர், மிளகு, பூண்டுப் பொடி எல்லாம் கலந்து சின்னக் கவரில் தனியாகக் கட்டி, மக்ரோனியோடு ஒரே பாக்கெட்டில் போட்டாள். சேர்த்தே கலந்து வைத்தால் கட்டி தட்டிவிடும். வேதநாயகம் அந்த வேலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாக்கெட்டை எடுப்பார், உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார், வைத்துவிடுவார். "தண்ணி அங்கேயே கிடைக்கும். இங்கிருந்து எதுக்குத் தூக்கணும்?" என்பார். அது சரியான பேச்சாக இருக்கும். அடுத்த நிமிடமே, தன் வீட்டுக்காரம்மா எங்கே போயிருக்கிறார்கள் என்று அவளிடமே கேட்பார்.

பாஷா பாக்கெட்டுகளை வாங்கிப்போக வருவதாகச் சொன்ன நாளில், வியர்வையில் சீஸ் தூள் ஒட்டிக் கழுத்து அரித்தது. சங்கிலியைக் கழற்றிப் பாத்ரூமுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது சங்கிலி இருந்தது, சிலுவை இருந்தது, சாவி இல்லை.

அலமாரி, அரிசி டின், தலையணை உறை, அவர் சட்டைப் பைகள் என்று தேடினாள். எங்கே வைத்தீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். அவர் திகைத்துப்போய் நின்றார். அந்த நேரம் பாஷா படியேறி வந்து கம்பிக்கு வெளியே நின்றான்.

விஷயத்தைக் கேட்டதும் மார்க்கெட்டில் சாவி போடுகிறவருக்குப் போன் செய்தான். மனுஷர் கே.கே. நகரில் ஒரு வேலையில் இருந்தார், முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். "வுடுங்க அண்ணி, நான் எங்கயும் போவல," என்று பாஷா படியிலேயே உட்கார்ந்துகொண்டான். பெரிய பை கம்பி வழியே நுழையாது. அதனால் ஷீலா பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பி இடுக்கில் நீட்ட, அவன் வாங்கி வாங்கித் தன் பையில் அடுக்கினான்.

அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த வேதநாயகத்தின் முகம் மாறியது. பாஷாவை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அருகில் வந்து பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பனி விழுதா பாஷா?"

பாஷா ஷீலாவைப் பார்த்தான். பிறகு, "ஆமா அண்ணே," என்றான்.

"அப்ப யாரும் டெண்ட்டை விட்டு வெளிய போகக்கூடாது. நிக்கட்டும். சாப்பிட்டுட்டுக் காத்திருப்போம்."

அவள் கையிலிருந்து கடைசிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. ஷீலா பக்கத்திலேயே நின்றாள், ஆனால் கை நீட்ட வேண்டிய தேவை வரவில்லை. மக்ரோனி மூழ்கும் அளவுக்கு ஊற்றி, மூடி, பாத்திரத்தைத் தன் கம்பளிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கடிகாரம் பார்க்கவில்லை. போதும் என்று அவருக்குத் தோன்றியபோது திறந்து, மிச்சத் தண்ணீரை வடிக்காமல் அதிலேயே சீஸ் பொடியைத் தூவி, கட்டி விழாமல் ஓரத்திலிருந்து கிளறினார். மூன்று டம்ளரில் பங்கு போட்டார். ஒன்றைக் கம்பி வழியே பாஷாவிடம் கொடுத்தார். "சூடா சாப்பிடு. காலைல இறங்கிடலாம்," என்று ஷீலாவிடம் சொன்னார். அவளை அவருக்குத் தெரிந்ததா என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மலைக்கு அவரோடு வந்த யாரோ ஒருத்தியாக இருக்கலாம்.

அவர் சாப்பிட்டு முடித்து அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். ஷீலா கம்பியோரம் வந்து நின்றாள்.

"சாவி கிடைக்கலைன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு பாஷா," என்றாள். "தினம் கேப்பாரு, கதவைத் திறன்னு. நான்தான் திறக்காம நிப்பேன். இன்னிக்கு மட்டும்தான் அது நான் இல்ல."

பாஷா டம்ளரைக் கீழே வைத்தான்.

சாவிக்காரர் வந்து, எந்தச் சாவியும் பொருந்தாமல், கடைசியில் பூட்டை அறுத்தார். கேட் திறந்தது. தான் இருப்பதாகவும், அண்ணி கொஞ்சம் வெளியே போய் நடந்துவிட்டு வரட்டும் என்றும் பாஷா சொன்னான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

தெருவுக்கு வந்தபின் எங்கே போவது என்று தெரியவில்லை. ரயில் நிலையம் வரைக்கும் நடந்தாள். மயிலாப்பூர் குளம் வரை போய் உட்காரலாம், ஒரு காபி குடிக்கலாம், யார் வீட்டுக்காவது போகலாம். யார் வீடு என்று யோசித்தாள். தலைக்கு மேலே பறக்கும் ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. இறங்கி வந்த கூட்டம் அவளை இடித்துக்கொண்டு கலைந்தது. திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடையில் நின்று பூட்டு கேட்டாள்.

சாவி தொலைகிற வீடென்றால் நம்பர் பூட்டு வாங்கிக்கொள்ளும்படி கடைக்காரர் சொன்னார். நாலு நம்பர், நாமே வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு மறக்காததாக வையுங்கள் என்றார்.

தனக்கு மறக்காததாகவும் அவருக்கு நினைவு வராததாகவும் இருக்க வேண்டும். மகள் பிறந்த தேதி வேண்டாம், அதைச் சில நாள் சரியாகச் சொல்லிவிடுகிறார். வீட்டு நம்பரும் வேண்டாம். போன வருடம் ஒரு சாயங்காலம் அவள் கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தபோது, யாருக்குப் பிறந்தநாள் என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது.

கடை வாசலில் நின்றபடியே, தங்கள் கல்யாணத் தேதியை அந்தப் பூட்டில் வைத்தாள். இழுத்துப் பார்த்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.