தூக்கத்தைத் துண்டு போட்டவன்

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நஸீஹா திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. கணவனுக்குக் கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. அடுத்த பேரீச்சை அறுவடையைப் பார்த்தால் அதிர்ஷ்டம். கெர்கென்னா தீவுக்குத் திரும்பும் கப்பலில் அவள் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு அழுதாள். அவள் கணவன் ஷாத்லி அழவில்லை. கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தப் பிரெஞ்சுக்காரன் ஞாபகம் இருக்கா?” என்றான் திடீரென்று. “தனியா பாய்மரப் படகுல வந்தானே, எஞ்சின் கெட்டுப்போய் நம்ம பட்டறையில நின்னானே.”

“இப்ப அவன் எதுக்கு?”

“பெருங்கடலையே தனியாத் தாண்டினவன் அவன். நாலு மணி நேரத்துக்கு ஒருதடவ இருபது நிமிஷம் தூங்குவானாம். அவ்வளவுதான் தூக்கம். நான் இருக்கப்போறதே கொஞ்ச நாள். அதுலயும் மூணுல ஒரு பங்கைத் தூங்கியே தொலைக்கணுமா? நான் யுஸ்ராவோட இருக்கணும்.”

யுஸ்ரா அவர்களுடைய ஒரே மகள். ஏழு வயது. அவளுக்கு எதையும் சொல்வதில்லை என்று கப்பல் கரை சேர்வதற்குள் இருவரும் பேசி முடித்தார்கள்.

அந்தக் கணக்கில் தூங்கிய முதல் சில வாரங்கள் நரகம். போனில் வைத்த அலாரம் அலறும்போதெல்லாம் எழுந்து, குடித்தவன் போல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். பக்கத்து வீட்டில் இருந்த அவன் அக்கா தலெந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“எங்க வீட்டுக் கோழிகூட உன்னைவிட ஜாஸ்தி தூங்குதுடா. எங்கயாவது காவல் வேலைக்குச் சேர்ந்துட்டியா?”

“ஆமாக்கா, உன் கோழிக்குத்தான் காவல். ராத்திரி முட்டை போட்டா வந்து எழுப்புறேன், இரு.”

தலெந்தா சிரித்தாள். பிறகு கோழிக்கூட்டுப் பக்கம் போய் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

மெல்ல மெல்ல உடம்பு பழகிக்கொண்டது, அல்லது பழகியது போல் இருந்தது. ஊர் அடங்கியிருந்த நேரத்தில் ஷாத்லி சன்னல்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்தான். விடியுமுன் ரொட்டிக்கு மாவு பிசைந்தான். யுஸ்ரா கண் விழிக்கும்போது கட்டிலருகே உட்கார்ந்திருப்பான்.

“பாபா, நீங்க தூங்கவே மாட்டீங்களா?”

“நீ எழுந்திரிக்கிறதைப் பார்க்க வேணாமா?”

தன் பாபா தூங்காத மனிதர் என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

நஸீஹாவுக்குத்தான் படுக்கையில் பாதி காலியாகிப்போனது. புரண்டு கை நீட்டினால் குளிர்ந்த விரிப்பு; வெளியே அவன் எதையோ தேய்க்கும் சத்தம். “இன்னிக்கி ஒரு நாள் வந்து படேன்” என்று ஒருமுறை கேட்டாள். “படுத்தா அசந்துடுவேன்” என்றான். அப்புறம் அவள் கேட்கவில்லை.

ஒரு நாள் யுஸ்ரா பள்ளியிலிருந்து உள்ளங்கையில் எதையோ மூடிக்கொண்டு ஓடி வந்தாள். அது அவன் தூங்கும் நேரம். எழுப்பினால் அன்றைய கணக்கெல்லாம் குலைந்துவிடும் என்று நஸீஹா அவளை வாசலிலேயே நிறுத்தினாள். குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டின்போதுதான் ஷாத்லி அவள் வாயில் இருந்த ஓட்டையைப் பார்த்தான்.

“எப்ப விழுந்துச்சு பல்லு?”

“நீங்க தூங்கும்போது பாபா.”

வசந்தம் வந்தபோது அவன் பேச்சு பாதியில் நிற்கத் தொடங்கியிருந்தது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். வலியினால் என்று நஸீஹா நினைத்தாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம், எட்டுக் கைப் பேய்க்கணவாய் பிடிக்கக் கடலில் போட்டிருந்த மண்சட்டிகளைத் தூக்குவதற்கு மகளைப் படகில் கூட்டிப் போனான். கடல் வற்றிக்கொண்டிருந்தது. யுஸ்ரா கயிற்றை இழுத்தாள். சட்டிக்குள் பேய்க்கணவாய் சுருண்டு கிடந்தது.

“பாபா, இங்க பாருங்க!”

ஷாத்லி சுக்கானில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். கண்கள் பாதி திறந்திருந்தன. அவள் கூப்பிட்டாள், உலுக்கினாள், கன்னத்தில் அடித்தாள். அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படகு மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது.

அவள் அலறல் கேட்டு, தூரத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த ம்பாரக் என்ற மீனவர் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார். கடல்நீரை அள்ளி முகத்தில் அடித்த பிறகே ஷாத்லி விழித்தான். “என்னாச்சு?” என்றான். யுஸ்ரா பயத்தில் பாவாடையை நனைத்திருந்தாள். அவன் கை நீட்டியபோது வராமல் ம்பாரக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள்: “பாபா செத்துட்டாருன்னு நினைச்சேன், உம்மா. நிஜமாவே செத்துப்போவாரா?”

நஸீஹாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வாசற்படியில் நின்றிருந்த ஷாத்லி வந்து தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“ஆமா கண்ணு.”

“எப்ப?”

“தெரியல. சீக்கிரமா.”

யுஸ்ரா எழுந்து அத்தை வீட்டுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நஸீஹா வெடித்தாள்.

“நேரம் நேரம்னு சேர்த்தியே, அதுல எனக்கு எவ்வளவு வந்துச்சு? நாங்க தூங்கும்போது நீ சன்னலுக்குப் பெயிண்ட் அடிச்ச. நாங்க முழிச்சிருக்கும்போது போன் அடிச்சா போய்ப் படுத்த. எம் பக்கத்துல குறட்டை விட்டுக் கிடந்திருந்தாலும் எனக்கு அது போதுமாயிருந்திருக்கும், ஷாத்லி.”

அவன் நீலம் ஒட்டிய நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“யுஸ்ராவுக்காகன்னுதான் ஆரம்பிச்சேன்” என்றான். “அப்புறம்... கண்ணை மூடவே பயமா இருக்கு, நஸீஹா. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசியோன்னு இருக்கு.”

அவள் அவன் போனை வாங்கி அணைத்தாள். அவனைப் படுக்கவைத்து, முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவன் தூங்கிப்போனான். மறுநாள் வெயில் ஏறியும் அவன் எழவில்லை. யுஸ்ரா அத்தை வீட்டிலிருந்து வந்து, அவன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு கையில் பட்டதும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப்பின் கொஞ்ச காலம் மூவரும் ஒரே கட்டிலில் தூங்கினார்கள். கோடையில் வலி முற்றியது. ஊசி போட நர்ஸ் வந்தாள். இப்போது தூக்கம் அவன் கையில் இல்லை. நாளில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொண்டது. கண் திறந்திருக்கும் சிறிது நேரத்தில் அவன் யுஸ்ராவைத் தேடுவான். அவள் அன்று நடந்ததையெல்லாம், அவன் மறுபடி தூங்கிப்போன பிறகும், சொல்லிக்கொண்டே இருப்பாள். பேரீச்சைக் குலைகள் மஞ்சளாகத் தொடங்கிய நாட்களில், ஒரு காலையில் அவன் போய்விட்டான். நஸீஹா அவன் கையைப் பிடித்தபடி விழித்துத்தான் இருந்தாள். எந்த மூச்சு கடைசி மூச்சு என்று அவளுக்கும் தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு, நஸீஹா பகலில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் யுஸ்ரா வந்து தோளை உலுக்கினாள். “உம்மா, கண்ணைத் திறங்க. திறங்க உம்மா.” தலெந்தா பார்த்துப் பார்த்து மனம் தாங்காமல், “நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன். நீ ஒரு மணி நேரமாவது தூங்கு” என்றாள்.

“வேணாங்க்கா. எழுப்பட்டும்.”

எத்தனை தடவை உலுக்கினாலும் நஸீஹா கண்ணைத் திறந்தாள். “இருக்கேன்டி” என்றாள். யுஸ்ரா அவள் கண்களை உற்றுப் பார்த்துவிட்டு, அவள் வயிற்றில் தலைவைத்துப் படுத்தாள்.