ராசியான ஏரி

ராசிக்காரர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. அதிர்ஷ்டத்தைப் பற்றி வரிசையாகப் புத்தகம் எழுதித் தள்ளியவர். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். அட்டையின் நிறம் மட்டும் மாறும். கடைசியாக எழுதி முடித்தது 'அதிர்ஷ்டத்தை அதட்டிக் கூப்பிடுவது எப்படி'. காலையில் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே மிரட்ட வேண்டும், வாசற்படியை இடது காலால் தாண்டக் கூடாது என்ற ரீதியில் போகும். அவருக்கு வாய்த்த உண்மையான அதிர்ஷ்டம் வசதியான மாமனார். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் மூச்சு விட்டதில்லை.

அந்த மாமனாரின் இளைய மகள் பறவை ஆராய்ச்சி செய்பவள். குடும்பத்தில் அவளுக்கு ஏரிக்காரி என்று பட்டப்பெயர். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் கிடந்த ஏரியில் முக்குளிப்பான்கள் இருந்தன. நீர்ப்பாசியையும் தண்டுகளையும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும் சின்னஞ்சிறு பறவை அது. ரப்பர் காலணியோடு சேற்றில் நின்று அவற்றைப் பார்ப்பதிலேயே அவள் இளமை போயிற்று என்று அம்மா அங்கலாய்ப்பாள். நகராட்சியோ ஏரியில் பாதியைத் தூர்த்துக் கார் நிறுத்துமிடம் கட்ட வரைபடம் போட்டு வைத்திருந்தது.

அதைத் தடுக்கத்தான் ஏரிக்காரி ஒரு புத்தகம் எழுதினாள். 'நகர ஏரியின் முக்குளிப்பான்கள்: ஒரு கள ஆய்வு'. அக்காள் கணவரின் பதிப்பாளரே, அவர் முகத்துக்காக, அதைப் போட ஒப்புக்கொண்டார்.

"தலைப்புல கொஞ்சம் உசுரு வேணுமேம்மா," என்று இழுத்தார் பதிப்பாளர்.

"ஏரியில உசுரு இருக்கணும் சார். தலைப்பு எப்படி இருந்தா என்ன?"

அவர் பெருமூச்சு விட்டு, ராசிக்காரரின் புத்தகத்தோடு சேர்த்து அதையும் அச்சுக்கு அனுப்பினார். இரண்டும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே பருமன். புத்தகம் பைண்டு செய்யும் கூடத்தில் யாரோ அரைத்தூக்கத்தில் அட்டைகளை மாற்றி ஒட்டிவிட்டார்கள். புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ராசிக்காரரின் வாசகர்கள் பளபளக்கும் தங்க நிற அட்டையைத் திறந்தார்கள். உள்ளே முக்குளிப்பான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குரு இந்த முறை மறைபொருளாக எழுதியிருக்கிறார் என்று சிலிர்த்துக்கொண்டார்கள். அதற்கேற்றாற்போல் ஏரிக்காரியும் தற்செயலைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தாள். ஒரு பறவையின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டால், அது பிழைப்பதும் அழிவதும் வெறும் தற்செயலின் கையில் போய்விடும்; ஒரு புயல், பெண் குஞ்சுகள் குறைந்துபோன ஒரு வருடம், அவ்வளவே போதும் என்பது அதன் சாரம். பறவை பார்க்கப் பழகுபவர்களுக்குக் குறிப்பும் கொடுத்திருந்தாள்: 'விடியலில் கரைக்குச் செல்லுங்கள். அசையாமல் நில்லுங்கள். எதையும் எதிர்பார்க்காதீர்கள். அது தானாக மேலே வரும்.'

எது மேலே வரும் என்று வாசகர்கள் தங்களுக்கு வேண்டியதைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

முதலில் போனவர் ஒரு பல் வைத்தியர். ஓட்டுநர் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னாலே எதிலாவது இடித்துவிடுவார். விடியலில் ஏரிக்கரையில் நின்றுவிட்டு நேராகத் தேர்வுக்குப் போனார். தேர்ச்சி. அன்று தேர்வதிகாரிக்குக் கடுமையான பல்வலி, அவரிடம் வைத்தியம் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார் என்ற விவரத்தைப் பல் வைத்தியர் யாரிடமும் சொல்லவில்லை. ஏரியின் முன்னால் நின்று கைபேசியில் ஒரு காணொளி எடுத்துப் போட்டார். அவ்வளவுதான், ஊர் திரண்டுவிட்டது.

கல்யாணம் தள்ளிப்போனவர்கள், பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்கு ஏங்கியவர்கள் என்று ஏரிக்கரை தள்ளுமுள்ளு ஆயிற்று. அசையாமல் நிற்க வேண்டுமென்பதால் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி கொண்டு வந்தார்கள். ஒன்றும் மேலே வராத எரிச்சலில் சிலர் நாணலுக்குள்ளேயே இறங்கித் தேடினார்கள். தேர்தல் நெருங்கியதால் நகராட்சித் தலைவரும் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு எந்த ஞானம் மேலே வந்ததோ, மறுவாரமே கார் நிறுத்துமிடத் திட்டம் கைவிடப்பட்டது. 'மக்களின் நம்பிக்கையோடு விளையாட மாட்டேன்' என்று அறிக்கை விட்டார்.

இன்னொரு பக்கம், ஏரிக்காரியின் சாம்பல் நிற அட்டைக்குள் ராசிக்காரரின் உபதேசம் நூலகங்களுக்குப் போயிருந்தது. சுற்றுச்சூழல் துறையின் உயரதிகாரி ஒருவர் கூட்டமொன்றில் அதிலிருந்து மேற்கோள் காட்டினார். "அழியும் உயிரினங்களைக் கண்ணாடி முன் நின்று அதட்டிக் கூப்பிட வேண்டும்" என்று அவர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னபோது, எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்களாம்.

வருடக்கணக்காக மனுக் கொடுத்துக் கெஞ்சியும் அசையாத திட்டம் அட்டை மாறிய ஒரு புத்தகத்தால் கவிழ்ந்ததைக் கேட்டபோது, ஏரிக்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏரிக்குப் போனாள். அங்கே அழுகைதான் வந்தது. நாணல் மிதிபட்டுக் கிடந்தது. இரண்டு கூடுகள் சிதைந்து, பாசியோடு கரையில் ஒதுங்கியிருந்தன. முட்டைகளின் மேல் ஒரு மடக்கு நாற்காலி. பறவை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். ராசிக்காரர் மாடி அறையில் வாசகர் கடிதங்களைப் படித்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அட்டை மாறிப்போச்சுன்னு நீங்களே வெளியில சொல்லுங்க. இல்லன்னா ஏரியில ஒரு குஞ்சுகூட மிஞ்சாது."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஏரிக்கு ராசி இல்லன்னு தெரிஞ்சா, நாளைக்கே லாரியில மண்ணு வரும். பரவாயில்லையா?"

மனுஷன் தன் வாழ்நாளில் உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்பது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அப்ப இந்தக் கூட்டத்த என்ன பண்றது?"

"அது உன் கவலைம்மா. நான் அதிர்ஷ்டம், நீ பறவை."

அக்கா குறுக்கே வந்தாள். "ஏங்க, அவ அழுதுட்டு வந்திருக்கா. கொஞ்சமாவது மனசுல ஈரம் வேணாமா? ரெண்டாம் பதிப்பு வரப் போகுதே, அதுல எதையாவது சேர்த்து எழுதக் கூடாதா?"

"எழுதலாம். ஆனா எனக்கு நேரம் ஏது?"

"நான் எழுதுறேன்," என்றாள் ஏரிக்காரி.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தாள். எழுதுவதற்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டாள். பொய் சொல்வது அவளுக்குப் புதுப் பழக்கம். ராசிக்காரரின் நடையை அப்படியே பிடித்து, அவர் பெயரிலேயே எழுதினாள். நாணலுக்குள் கால் வைப்பவனுடைய அதிர்ஷ்டம் அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடும். கரையில் குப்பை போடுபவன் வீட்டில் வாழ்நாள் முழுக்கச் சண்டை. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஏரி 'விரதம்' இருக்கிறது. அப்போது கண்ணால் பார்த்தாலே எதிர்ப்பலன், பேருந்துப் பணிமனைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நினைத்துக்கொண்டால் இரட்டிப்புப் பலன். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்தபோது உடம்பு கூசியது. ஆனால் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

இந்த முறை, ராசிக்காரரின் உபதேசத்தோடு ஏரி அத்தியாயமும் சேர்ந்து, அட்டையும் உள்ளடக்கமும் சரியாகப் பொருந்திய புத்தகம் வெளிவந்தது. முந்தைய மறைபொருளுக்கு இதுதான் விளக்கம் என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேட்டை, குப்பை, அத்துமீறல் என்று நகராட்சி எழுதி வைத்திருந்த அபராதப் பலகையின் மேல் அதுவரை சட்டைதான் காயப்போட்டிருந்தார்கள். இப்போது, ஏரியோரம் தும்முவதற்குக்கூட ஆட்கள் பயந்தார்கள். பல் வைத்தியர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கையுறை போட்டுக்கொண்டு குப்பை பொறுக்கினார். ஒருவன் நாணலில் கால் வைத்துவிட்டு மறுநாள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தான். அந்தச் செய்தி பரவியதும் வேலிகூடத் தேவைப்படவில்லை. ஏரிக்காரியின் கள ஆய்வோ, மறுபடி சரியான அட்டையோடு வந்து, பதிப்பாளரின் கிடங்கில் நிம்மதியாகத் தூங்கியது.

அடுத்த பருவத்தில் ராசிக்காரருக்கு 'இயற்கைக் காவலர்' விருது கொடுத்தார்கள். நகராட்சித் தலைவர் பொன்னாடை போர்த்தினார். மேடையில் ராசிக்காரர், முக்குளிப்பான் என்பது மீனா பறவையா என்ற குழப்பத்தைச் சாமர்த்தியமாகத் தாண்டி, "அந்த ஜீவன்" என்றே முழுப் பேச்சையும் ஒப்பேற்றினார். அக்கா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது வரிசையில் ஏரிக்காரி, கை தட்ட வேண்டிய இடங்களில் கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சின் நடுவே அவள் கைபேசி அதிர்ந்தது. நகராட்சி ஏரிக்கென்று புதிதாகப் போட்டிருந்த காவலர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கலங்கலான படம்தான். தாய்ப்பறவையின் முதுகில், இறகுகளுக்குள்ளிருந்து கோடு போட்ட இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் சட்டென்று எழுந்தாள். முழங்கால்களில் இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வரிசையைத் தாண்டி வெளியே ஓடினாள்.

பக்கத்து நாற்காலிப் பெண்மணி தன் கணவரிடம் கிசுகிசுத்தாள்: "சொந்தக்காரங்கதான். பொறுக்கல பாருங்க."