பத்தொன்பதாம் பெட்டி

வெள்ளைச் சாயத்தில் தூரிகையைத் தோய்த்துப் பதினெட்டாம் பெட்டியில் ‘சுப்பையன்’ என்று எழுதி முடித்தபோது, தன் கையெழுத்துக்குத் தன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது கோகிலாவுக்கு. காஜா பெராங் ரப்பர் கிட்டங்கியில் அதுவரை தபால் என்றால் ஒரு மேசை. குவியலில் யார் கை முதலில் நுழைகிறதோ அவருக்குக் கடிதம். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஆறு மாதமாகியும் அந்த மேசைக்கு விடிவு வரவில்லை. வாடகை அறைகளில் மாறி மாறிக் குடியிருந்த தொழிலாளிகளுக்குக் கிட்டங்கிதான் விலாசம். கடைசியில் முதலாளி இருபத்து நான்கு மரப்பெட்டிகள் செய்யச் சொல்லி, பூட்டும் சாவியும் வாங்கிக் கொடுத்து, பொறுப்பைக் கோகிலாவிடம் விட்டார். சேர்ந்து மூன்றே மாதமான டைப்பிஸ்ட் அவள். பெயர் எழுதி, சாவி கொடுத்து, கைநாட்டு வாங்கி இரண்டு நாளில் முடித்துவிட்டாள். வீட்டுக்கு ஒரு பெட்டி, அதுவும் ஆண்பிள்ளை பெயரில் என்று தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பொன்னுதுரை சொன்னதை மறுயோசனை இல்லாமல் செய்தாள்.

மூன்றாம் வாரம் பொன்னம்மா வந்து நின்றாள். ரப்பர் தரம் பிரிக்கிறவள்; சுப்பையனின் மனைவி.

“கிராணியம்மா, எனக்கு சர்க்கார் கடுதாசி ஏதும் வந்துச்சா? என்கூட பிரஜாவுரிமைக்கு மனு போட்ட மல்லிகாவ எப்பவோ கூப்பிட்டுட்டாங்க.”

“பத்து நாளைக்கு முன்னாடியே வந்துச்சேக்கா. பதினெட்டுல போட்டேனே.”

பொன்னம்மா தலையை ஆட்டினாள், அழவில்லை. “அவருதான் எடுத்து மறைச்சிருப்பாரும்மா. ஊருக்கே போயிரணும்னு கப்பலுக்கு எழுதிப் போட்டிருக்காரு. இங்க வரும்போது எனக்கு ரெண்டு வயசும்மா. அங்க எனக்கு யாரைத் தெரியும்? உரிமை கிடைச்சா நான் வரலைன்னு சொல்லிருவேன்னு அவருக்குப் பயம்.”

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. மேசையில் கிடந்த காலத்தில் தொலையாத கடிதம், அவள் பூட்டுப் போட்ட பிறகு தொலைந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. நேர்காணலுக்கு வேறு தேதி கேட்டுப் பிரஜாவுரிமை ஆபீசுக்கு அப்போதே ஒரு கடிதம் டைப் அடித்தாள். காலியாகக் கிடந்த பத்தொன்பதில் பொன்னம்மாவின் பெயரை எழுதினாள்.

பொன்னுதுரை மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “ஏன் பிள்ளை, ஒரு வீட்டுக்கு ரெண்டு பெட்டி?”

“கடிதம் வீட்டுக்கா சார் வருது? ஆளுக்குத்தானே வருது. வேணும்னா முதலாளிகிட்ட நானே கேக்குறேன்.”

அவர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

பதில் வந்த அன்று சுப்பையன்தான் முதலில் வந்தான். பதினெட்டைத் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை.

“அவ கடுதாசி வந்திருந்தா குடும்மா. நான் புருசன்தானே.”

“பத்தொன்பதுல இருக்குண்ணே. சாவி அவங்ககிட்ட.”

“உன்கிட்ட இன்னொரு சாவி இருக்குமே?”

“இருக்கு,” என்றாள் கோகிலா. எடுக்கவில்லை.

அதற்குள் பொன்னம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். அவன் பார்க்கத் தன் பெட்டியைத் திறந்து, கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொல்லிக் கோகிலாவிடம் நீட்டினாள்.

“புதன்கிழமை காலைல ஒன்பது மணிக்கு, பண்டார் ஹிலிர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க அக்கா.”

சுப்பையன் குரல் இறங்கிப்போய்க் கேட்டான். “நீ வரலைன்னா நான் மட்டும் அங்க போயி என்ன பண்ணுவேன்?”

பொன்னம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகக் கோகிலாவுக்குத் தோன்றவில்லை. பிறகு கடிதத்தை நாலாக மடித்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். சுப்பையன் திறந்து கிடந்த பதினெட்டின் கதவைப் பிடித்தபடி, பக்கத்துப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.